தொலைதூரப் பெருவிலங்கு வேட்டைக்கு எந்த ஸ்கோப் பொருந்தும்?

கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன்: கையில் இருப்பது .300 வின்செஸ்டர் மேக்னம் ரைபிள். மலைச்சரிவுகளில் எல்க் போன்ற பெரிய மான்களை, அதிகபட்சம் 500 மீட்டர் தூரம் வரை, உரிமத்துடன் வேட்டையாடும் எண்ணம் இருக்கிறது. இதற்கு 5-25×56 (5 முதல் 25 மடங்கு உருப்பெருக்கம், 56 மில்லிமீட்டர் முன்வில்லை) போன்ற பெரிய ஸ்கோப் வாங்க வேண்டுமா, அதைவிடச் சிறியதே போதுமா?

என் பதில்: 25 மடங்கு உருப்பெருக்கம் தேவையில்லை. 3-15 அல்லது 3-18 மடங்கு, 42 முதல் 50 மில்லிமீட்டர் முன்வில்லை, பூட்டும் வசதியும் ஜீரோ நிறுத்தமும் (தொடக்க நிலைக்குக் கீழே திரும்பாமல் தடுக்கும் தடை) உள்ள உயரத் திருத்த டரட் (குறியை மேலும் கீழும் நகர்த்தும் திருகுகுமிழ்), மூடியிட்ட காற்றுத் திருத்த டரட், பக்கவாட்டில் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதாகத் தெரியும் பிழை) திருத்தும் குமிழ் ஆகியவை உள்ள ஸ்கோப் உங்கள் வேலைக்குப் போதும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று எந்த விளம்பரப் பட்டியலிலும் எண்ணாக அச்சிடப்படுவதில்லை. ரைபிளை ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த) இடத்தில் அந்த ஸ்கோப், சுடும்போது வரும் உதைக்கும் குலுக்கலுக்கும் அசையாமல் நிற்கிறதா என்பதே அது. பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள். கண்ணாடியின் பளபளப்பு அடுத்தது, உருப்பெருக்கம் அதற்கும் அடுத்தது.

இந்த வரிசையை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்குச் சில கணக்குகள் தேவை. விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்படும் 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) குண்டு, 100 மீட்டரில் ஜீரோ செய்த ரைபிளில், 500 மீட்டரில் குறிக்கோட்டுக்குக் கீழே சுமார் 1.4 முதல் 1.5 மீட்டர் இறங்கியிருக்கும். அதாவது ஏறத்தாழ 3 மில் (ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டருக்குச் சமமான கோண அளவு) திருத்தம் தேவைப்படும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதே தூரத்தில் குண்டை 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை ஒதுக்கிவிடும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்ப்பகுதி மேலிருந்து கீழாக 35 முதல் 40 சென்டிமீட்டர்தான். அதன் நடுவில் குறி வைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் பிழை வரம்பு இருபுறமும் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இந்த வரம்புக்குள் காற்றைக் கணிப்பதில் வரும் பிழை, தூரத்தை அளப்பதில் வரும் பிழை, உங்கள் கை நடுக்கம், தோட்டாவின் சிதறல் எல்லாம் பங்கு கேட்கும். ஸ்கோப்பும் தன் பங்குக்கு ஒரு பிழையைச் சேர்த்தால் மிஞ்ச இடமில்லை.

ஸ்கோப் சேர்க்கக்கூடிய பிழைகளில் மிக மோசமானது ஜீரோ நகர்தல். வெளிக்குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கிறது. டரட்டின் திருகு அதை ஒரு பக்கம் அழுத்த, எதிர்ப்பக்கத்தில் ஒரு சுருள்வில் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு கிளிக் திருகும்போதும் அந்த உள்குழாய்தான் நூலிழை அளவு சாய்கிறது. மேக்னம் தோட்டாவின் உதை, வாகனத்தில் பல மணி நேரக் குலுக்கல், பாறையில் ரைபிள் சாய்ந்து விழுவது ஆகிய எல்லாமே அந்தச் சுருள்வில்லின் மேலும் திருகின் முனையின் மேலும்தான் வந்து சேர்கின்றன. அங்கே அரை மில் நகர்ந்தால், 100 மீட்டர் காகிதத்தில் அது 5 சென்டிமீட்டர். பலர் அதைத் தங்கள் சுடும் திறனின் குறை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அதுவே 500 மீட்டரில் 25 சென்டிமீட்டர். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் விழவும், விலங்கு காயத்தோடு காட்டுக்குள் போகவும் அது போதும்.

இதனோடு ஒப்பிட்டால், கிளிக்குகளின் அளவு சொன்னபடி இருக்கிறதா என்பதைப் பற்றிப் பலர் படும் கவலை சற்று மிகையானது. ஒரு டரட் 3 விழுக்காடு குறைவாகத் திருத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மில் திருத்தத்தில் அந்தப் பிழை 0.09 மில், 500 மீட்டரில் நாலரை சென்டிமீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் இரும்புத் தகட்டைச் சுடுபவருக்கு இது பெரிய குறை. உங்களுக்கு அது தாங்கக்கூடியது, அதிலும் முன்பே சோதித்துத் தெரிந்துகொண்டால் பாலிஸ்டிக் கணிப்பானில் (குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலியில்) திருத்தமாகவே சேர்த்துவிடலாம். ஜீரோ நகர்வதை அப்படிக் கணக்கில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அது எப்போது, எந்தப் பக்கம் நகரும் என்று யாருக்கும் தெரியாது.

சோதிக்கும் முறை கடினமானதல்ல. உயரமான காகிதத்தை 100 மீட்டரில் நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டிய நூலைப் பிடித்து ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். கீழே உள்ள புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டுகள் சுட்டபின், டரட்டை 3 மில் மேலே திருகி, அதே புள்ளியைக் குறிவைத்து மீண்டும் மூன்று குண்டுகள் சுடுங்கள். இரண்டாவது தொகுதி சரியாக 30 சென்டிமீட்டர் மேலே, வரைந்த கோட்டின் மீதே விழ வேண்டும். கோட்டை விட்டு ஒரு பக்கம் விலகினால் ஸ்கோப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். பிறகு ஜீரோவுக்குத் திரும்பி இன்னொரு தொகுதி சுட்டு, அது முதல் தொகுதியின் மேலேயே விழுகிறதா என்று பாருங்கள். இதற்கும் மேலாக, தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, ரைபிளை முழங்கால் உயரத்திலிருந்து புல்தரையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் விழவிட்டு, மறுபடியும் சுட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தரையில் போட யாருக்கும் மனம் வராதுதான். ஆனாலும் மலையில் அது விழப்போவது உறுதி என்பதால், முதல் முறை வீட்டுக்குப் பக்கத்தில் விழுவதே நல்லது என்பது என் கட்சி.

இனி உருப்பெருக்கம். 500 மீட்டரில் ஒரு எல்க்கை 10 மடங்கில் பார்த்தால், 50 மீட்டரில் வெறும் கண்ணால் பார்ப்பது போன்ற அளவில் தெரியும். குதிரை அளவுள்ள விலங்கின் தோள்பட்டைக்குப் பின்னால் குறிக்கோட்டை நிறுத்த அதற்கு மேல் அதிகம் தேவைப்படாது. 12 முதல் 15 வரை இருந்தால் வசதி. அதற்கு மேல் போகும்போது மூன்று சங்கடங்கள் தொடங்குகின்றன. வெயில் ஏறிய சரிவுகளில் கானல் அலை படத்தைக் கொதிக்கும் நீரைப் போல ஆட்டிவைக்கும். உங்கள் நாடித்துடிப்பே குறிக்கோட்டின் ஆட்டமாகத் தெரிந்து, விசையை அவசரமாக இழுக்கத் தூண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது: சுட்ட நொடியில் உதையால் விலங்கு பார்வையிலிருந்து மறைந்துவிடும். குண்டு எங்கே பட்டது, விலங்கு எந்தப் பக்கம் ஓடியது, கூட்டத்தில் எது நீங்கள் சுட்டது என்பது தெரியாமல் போனால் இரண்டாவது குண்டைச் சரியாகச் சுட வழியில்லை. பார்வைப் பரப்பு அகலமாக இருக்கும் 8 அல்லது 10 மடங்கில் சுடும் அனுபவசாலிகள் பலர் உண்டு. ஸ்கோப்பில் 25 வரை இருந்தாலும் அவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணை நான் அதிகம் கவனிப்பேன். தொலைதூர வேட்டைக்குப் போனவருக்கும் புதருக்குள்ளிருந்து 40 மீட்டரில் விலங்கு எழுந்து நிற்பது நடக்கும். 3 மடங்கில் 100 மீட்டரில் சுமார் 12 மீட்டர் அகலம் கண்ணுக்குத் தெரியும்; 40 மீட்டரில் அது 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5 மடங்கில் தொடங்கும் ஸ்கோப்பில் அதில் பாதி அளவே தெரியும் என்பதால், ரைபிளைத் தோளில் வைத்தவுடன் கண்ணாடி முழுக்க மரப்பட்டையும் ரோமமுமாகத் தெரிந்து, தலை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 44 மில்லிமீட்டர் வில்லையுள்ள ஸ்கோப்பை 8 மடங்கில் வைத்தால் 5.5 மில்லிமீட்டர், 56 மில்லிமீட்டர் வில்லையை 25 மடங்கில் வைத்தால் 2.24 மில்லிமீட்டர் மட்டுமே. அந்தி நேரத்தில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது 5 அல்லது அதற்கும் கீழே சுருங்கிவிடும். எனவே நடுத்தர வயதைக் கடந்தவருக்கு 44 மில்லிமீட்டர் வில்லையை 8 மடங்கில் வைத்தாலே கண் ஏற்கக்கூடிய ஒளி முழுவதும் வந்துவிடுகிறது. 56 மில்லிமீட்டர் வில்லை தரும் கூடுதல் ஒளி கண்மணிக்கு வெளியே விழுந்து வீணாகிறது. பெரிய வில்லைக்காக ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்தவேண்டி வரும், கன்னம் ரைபிளின் கட்டையில் படியாது, தலை ஆடும். ஒளியில் உண்மையான வேறுபாட்டைத் தருவது வில்லைகளின் மேல்பூச்சுதான். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்பிப் போய்விடும். ஒரு ஸ்கோப்பில் அப்படிப் பத்துக்கும் மேற்பட்ட பரப்புகள் உண்டு. ட்சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய பன்னடுக்குப் பூச்சுகள். உருப்பெருக்கத்தையும் வில்லை விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துச் சொல்லப்படும் அந்தி எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தக் கணக்கில் கண்ணாடியின் தரமோ பூச்சோ எங்கும் வருவதில்லை.

குறிக்கோடுகள் முதல் குவியத் தளத்தில் இருக்க வேண்டுமா, இரண்டாம் குவியத் தளத்தில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியில்தான் வாங்குபவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். முதல் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தோடு சேர்ந்து குறிக்கோடுகளும் பெரிதாகிச் சிறிதாகும். ஒரு மில் என்று குறிக்கப்பட்ட இடைவெளி எந்த நிலையிலும் ஒரு மில்தான். குறைந்த உருப்பெருக்கத்தில் கோடுகள் சிலந்தி நூல் அளவுக்கு மெலிந்து, அந்தியில் கரிய புதரின் முன்னால் காணாமலே போய்விடும் என்பது இதன் குறை. அதனால் இந்த வகையை வாங்கினால் ஒளியூட்டும் வசதி கட்டாயம் இருக்கட்டும். இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடுகள் எப்போதும் ஒரே தடிமனில் தெரியும், அந்தியில் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் குறியீடுகளின் அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான், பெரும்பாலும் உச்ச நிலையில்தான், சரியாக இருக்கும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 15 மடங்கு வரை போகும் இரண்டாம் தள ஸ்கோப். காற்றுக்காக ஒரு மில் ஒதுக்கிக் குறி வைக்கிறீர்கள். விலங்கைத் தேடும்போது ஏழரை மடங்குக்கு இறக்கிய உருப்பெருக்க வளையத்தை மீண்டும் ஏற்ற மறந்துவிட்டீர்கள். அப்போது ஒரு மில் என்று நீங்கள் நம்பும் இடைவெளி உண்மையில் இரண்டு மில். 500 மீட்டரில் 50 சென்டிமீட்டர் ஒதுக்க நினைத்தது ஒரு மீட்டராகிவிடும். உயரத்தை டரட்டில் திருகி, காற்றைக் குறியீட்டில் ஒதுக்கிச் சுடுவதுதான் நான் பரிந்துரைக்கும் முறை என்பதால், இந்தப் பொறியைத் தவிர்க்க முதல் தளமே பொருத்தம் என்று சொல்லத் தோன்றும். ஆனாலும் 300 மீட்டருக்குள்தான் பெரும்பாலும் சுடப்போகிறீர்கள், அதிகாலையும் அந்தியும்தான் உங்கள் நேரம் என்றால், தடித்த கோடுள்ள இரண்டாம் தள ஸ்கோப்பையே எடுத்துக்கொண்டு, 300 மீட்டருக்கு மேல் சுடும்போது வளையத்தை உச்சத்தில் வைத்தே சுடுவது என்ற பழக்கத்தை உறுதியாக்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நேர்மையான வாதங்கள் உண்டு.

கிறிஸ்துமஸ் மரம் போலப் புள்ளிகள் நிறைந்த ரெட்டிக்கிள் (குறிக்கோட்டு அமைப்பு) வேட்டைக்கு வேண்டாம். ரோமத்தின் மேல் அது குப்பையாகத் தெரியும். தூரங்களை முன்கூட்டியே குறித்த ரெட்டிக்கிள்களும் ஒரு குறிப்பிட்ட குண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட காற்றடர்த்திக்கும் கணக்கிடப்பட்டவை. 3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. அங்கே குண்டு குறைவாகவே இறங்கும். உங்கள் தோட்டாவுக்கென்று தூரங்களைப் பொறித்துத் தரும் டரட் வளையங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அளவுகோலாக மில்லையோ எம்.ஓ.ஏ.வையோ (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) எடுத்துக்கொள்ளுங்கள், 0.1 மில் கிளிக் 500 மீட்டரில் 5 சென்டிமீட்டர், கால் எம்.ஓ.ஏ. கிளிக் அங்கே 3.6 சென்டிமீட்டர், வேட்டையில் இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. ரெட்டிக்கிளும் டரட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

டரட்டைப் பொறுத்தவரை, பூட்டு இல்லாத திறந்த டரட் பையில் உரசியே நாலைந்து கிளிக் திரும்பியிருக்கும்; அதனால் பூட்டு அவசியம். கையுறை போட்ட விரலால் ஜீரோ நிறுத்தத்தில் தட்டும் வரை திருகிவிட முடிவது, இருட்டில் எண்ணைப் படிக்க முடியாதபோது பெரிய ஆறுதல். காற்றுத் திருத்த டரட்டுக்கு மூடி இருக்கட்டும். அதை வேட்டையின்போது தொடவே வேண்டியிராது. குழாயின் விட்டம் 30 மில்லிமீட்டர் போதும். 34 மில்லிமீட்டர் குழாய் கூடுதல் ஒளி தரும் என்ற நம்பிக்கை தவறு. அது பெரும்பாலும் திருத்த வீச்சைத்தான் கூட்டுகிறது. 3 மில் மட்டுமே தேவைப்படும் உங்களுக்கு அந்த வீச்சும் வேண்டாம், ஸ்கோப்பைச் சற்று முன்பக்கம் சாய்த்துத் தாங்கும் சாய்வுத் தளமும் வேண்டாம்.

இடமாறு தோற்றப் பிழையை, அதாவது பேரலாக்ஸை, திருத்தும் வசதி 300 மீட்டர் வரை சுடுபவருக்குத் தேவையில்லை, 500 மீட்டருக்குத் தேவை. 100 மீட்டருக்கு நிலைப்படுத்தப்பட்ட 40 மில்லிமீட்டர் வில்லையில், கண் முற்றிலும் விளிம்புக்கு நகர்ந்துவிட்டால், 500 மீட்டரில் குறி 8 சென்டிமீட்டர் வரை தவறலாம். பாறை மேல் முறுக்கிப் படுத்துச் சுடும் நிலையில் கண் நடுவில் நிற்பது எளிதல்ல. குமிழில் அச்சிட்ட தூர எண்களை நம்பாமல், தலையை மெல்ல அசைத்துப் பார்த்து, குறிக்கோடு விலங்கின் மேல் நகராமல் நிற்கும் வரை திருகுங்கள்.

எடையையும் மறக்க வேண்டாம். வோர்டெக்ஸ் ரேசர் எச்டி இரண்டாம் தலைமுறை 4.5-27×56 கிட்டத்தட்ட 1.37 கிலோ, அதே நிறுவனத்தின் ரேசர் எல்எச்டி 3-15×42 சுமார் 540 கிராம். லூபோல்ட் விஎக்ஸ்-5எச்டி 3-15×44 சுமார் 560 கிராம். அதே நிறுவனத்தின் மார்க் 5எச்டி 3.6-18×44 முதல் குவியத் தளத்தில், 740 கிராமுக்குள், 35 மில்லிமீட்டர் குழாயோடு வருகிறது. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம் வாங்கும்போது அந்த அளவைக் கவனியுங்கள். இவற்றைப் பரிந்துரையாகச் சொல்லவில்லை. எந்த வகையில் தேட வேண்டும் என்பதற்கான அடையாளங்களாகவே சொல்கிறேன். நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட ஸ்கோப்பையே மேலே சொன்னபடி சோதித்துக்கொள்ளுங்கள், பெயர் எதுவாக இருந்தாலும். உங்கள் தோட்டாவின் உதைக்குக் கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே 9 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். மேல்நோக்கிப் படுத்துச் சுடும்போது புருவம் கிழிவது இந்த இடைவெளி குறைந்த ஸ்கோப்புகளில்தான்.

பொருத்துவதில் காட்டும் அலட்சியம் நல்ல ஸ்கோப்பையும் கெடுத்துவிடும். ஜீரோ நகர்கிறது என்ற புகார்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் தளர்ந்த திருகு. ஸ்கோப் பொருத்தும் தளத்தின் திருகுகளையும் துளைகளையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குமானியால் இறுக்குங்கள். கை அளவில் இறுக்கினால் ஒன்று தளரும், அல்லது குழாய் நசுங்கி உள்ளே இருக்கும் அந்த உள்குழாய் சிக்கிக்கொள்ளும். குறிக்கோடு செங்குத்தாக இருப்பதைத் தூக்குக்குண்டு நூலைப் பார்த்தே சரிசெய்யுங்கள். 3 பாகை சாய்ந்தாலும், 3 மில் திருகிய நிலையில் 500 மீட்டரில் குண்டு பக்கவாட்டில் 8 சென்டிமீட்டர் அளவுக்கு விலகும். சரிவில் நிற்கும்போது கண் அடிவானத்தை நம்பி ஏமாறும் என்பதால், குழாயில் ஒரு சிறிய நீர்மட்டக் குமிழி பொருத்திக்கொள்வது வீண்செலவல்ல.

மிச்சமாகும் பணத்தில் நல்ல லேசர் தூரமானி வாங்குங்கள். 500 மீட்டரை 475 என்று கணித்தால் குண்டு சுமார் 11 சென்டிமீட்டர் கீழே போகும். எந்த ஸ்கோப்பும் அதை ஈடுசெய்யாது. தூரமானி உள்ளடங்கிய மின்னணு ஸ்கோப்புகளும் கிடைக்கின்றன, ஆனால் ரைபிளில் பொருத்திய மின்னணுக் கருவிகளுடன் வேட்டையாடுவதைச் சில இடங்களின் விதிகள் தடைசெய்கின்றன, ஒளியூட்டிய ரெட்டிக்கிளுக்கு மட்டும் விலக்குத் தரும் இடங்களும் உண்டு. எனவே உரிமம் எடுக்கும் இடத்தின் விதியைப் படித்த பிறகே அந்த வகையை நினையுங்கள். தனித் தூரமானியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை, ஸ்கோப்பின் எடையும் கூடாது, மின்கலம் தீர்ந்தாலும் ரைபிள் ரைபிளாகவே இருக்கும்.